அம்பு யார் பக்கம்

நான் தராசை நம்பாதவன். முட்டை வாங்கினால் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் போடுவேன். கடைக்காரன் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அப்படிப்பட்ட என்னிடம் வந்து, மேசை மேல் ஒரு தகர அம்பு இருக்கிறது, அது காட்டுகிற பக்கம்தான் பந்து போகும், அம்பு பொய் சொல்லாது என்றால் நான் என்ன சொல்வேன்? அம்பு பொய் சொல்லாது, சரி. அதைத் திருப்புகிற கை?

அந்தக் கை எங்கள் கட்டடத்தில் முதல் மாடியில் குடியிருக்கிற கை. பகலெல்லாம் ஆஸ்பத்திரி ஜன்னலில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கும். அதனால் அவளுக்கு டோக்கன் என்றே பெயர். அவள் புருஷன் கரண்ட்காரன். வீடு வீடாகப் போய் ஒயர் இழுப்பான், ஃபேன் மாட்டுவான். ஞாயிற்றுக்கிழமையானால் கறுப்புக் கால்சட்டை போட்டுக்கொண்டு, கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு, தெருக்கோடியில் இருக்கிற கூடைப்பந்து மைதானத்துக்கு ரெஃப்ரியாகிவிடுவான். அவன் விசில் ஊத, அவள் மேசையில் உட்கார்ந்து புள்ளி எழுதுவாள், அம்பைத் திருப்புவாள். ஆறு வருஷமாக இதுதான் நடப்பு. நான் அந்த மைதானத்தைக் கூட்டுகிறவன். சாவி என்னிடம்.

அம்பு என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆட்டத்தில் இரண்டு பேர் ஒரே பந்தைப் பிடித்துக்கொண்டு நீயா நானா என்று இழுப்பார்கள். இருவரும் விடமாட்டார்கள். ரெஃப்ரி இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக் காட்டுவான். அதற்கு ஜம்ப் என்று பெயர். முன்னெல்லாம் பந்தை மேலே போட்டு இரண்டு பேரையும் குதிக்க விட்டார்கள். இப்போது முறை வைத்துவிட்டார்கள். இந்தத் தடவை உனக்கு, அடுத்த தடவை அவனுக்கு. யார் முறை என்பதை மறக்காமல் இருக்கத்தான் அம்பு. அடுத்த முறை யாருடையதோ, அவர்கள் எந்தக் கூடையில் பந்து போடவேண்டுமோ அந்தப் பக்கம் அம்பு காட்டும். அவர்கள் கோட்டுக்கு வெளியே நின்று பந்தை உள்ளே எறிந்து, உள்ளே ஒருவன் கை பட்டதும் அம்பை மறுபக்கம் திருப்பவேண்டும். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது குவார்ட்டர் தொடங்குவதும் இதே முறைப்படிதான்.

இதோடு இன்னொன்றும் உண்டு. இடைவேளையில் இரண்டு அணியும் கூடை மாறிக்கொள்ளும். அப்போது யாரும் முறையைச் செலவழிக்காவிட்டாலும் அம்பை ஒரு தடவை திருப்பி வைக்கவேண்டும். வைக்காவிட்டால் அம்பு அங்கேயே நிற்கும், ஆட்கள் இடம் மாறியிருப்பார்கள், முறை அடுத்தவனுக்குப் போய்விடும். இவ்வளவுதான் விஷயம். இதற்குத்தான் அந்த வாரம் ஒரு வீட்டில் அடுப்பு எரிந்தும் எரியாமல் கிடந்தது.

எங்கள் அம்பைக் கரண்ட்காரனே செய்தான். பழைய சீலிங் ஃபேன் இறக்கையை வெட்டி, சிவப்பு பெயின்ட் அடித்து, நடுவில் ஓட்டை போட்டு, மரத்தில் செய்த ரவுண்ட் பிளாக்கில் போல்ட் முடுக்கி வைத்திருந்தான். திருப்பினால் கிறீச் என்று ஒரு சத்தம் வரும். மழைக்காலத்தில் அதுவும் வராது.

அன்றைக்கு மழைக்காலம். பஸ் டெப்போக்காரர்கள் சிவப்பு, ஐஸ் ஃபாக்டரிக்காரர்கள் நீலம். கோப்பைக்கான கடைசி ஆட்டம். டோக்கனுடைய தம்பி நீலத்தில் ஆடினான். ஐஸ் பாளம் தூக்குகிறவன். கழுத்தும் காலும் நீளம், ஒட்டகம் என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்று வேளையும் அக்கா வீட்டில்தான் சாப்பாடு. சிவப்புக்குக் கேப்டன் ஒரு கண்டக்டர். பஸ்ஸில் கத்திக் கத்தித் தொண்டை தகரம் மாதிரி ஆகியிருந்தது.

பாதி ஆட்டத்தில் தூறல் விழுந்து தரை நனைந்துவிட்டது. இடைவேளை பத்து நிமிஷமும் நான் மேசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரப்பர் பட்டை போட்ட நீளக் கட்டையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தேன். சிமெண்டுத் தரையில் தண்ணீர் தள்ளுவது லேசான வேலை இல்லை. தள்ளத் தள்ளத் திரும்பி வரும், போகச் சொன்ன விருந்தாளி மாதிரி. அதனால் மேசைப் பக்கம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

கடைசியில் நாற்பது விநாடி பாக்கி. சிவப்பு ஐம்பத்தொன்று, நீலம் ஐம்பது. ஒட்டகமும் கண்டக்டரும் பந்தைக் கட்டிக்கொண்டு தரையில் உருண்டார்கள். கரண்ட்காரன் கட்டைவிரல்களைத் தூக்கினான். எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். அம்பு நீலத்தைக் காட்டியது. நீலம் பந்தை எறிந்தது, ஒட்டகம் வாங்கிப் போட்டான், கூடைக்குள் விழுந்தது. ஐம்பத்திரண்டு. ஆட்டம் முடிந்தது.

கண்டக்டர் மேசைக்கு முன்னால் வந்து நின்றான்.

"அக்கா உக்காந்து தம்பிக்கு அம்பு காட்டுறா. மச்சான் விசில் ஊதுறான். நாங்க எதுக்குடா வந்தோம்? கல்யாண வீட்டுக்கா?"

"முறைப்படிதான் காட்டுச்சு" என்றாள் டோக்கன்.

"எந்த முறை? உங்க வீட்டு முறையா?"

ஆட்டக் கமிட்டிக்குச் செயலாளர் பேக்கரிக்காரர். பருத்த மனிதர், சட்டை எப்போதும் மாவு. அவர் நடுவில் புகுந்து புள்ளி எழுதிய காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "வர்ற ஞாயிறு காலைல கமிட்டி பேசும். அதுவரைக்கும் கோப்பை என்கிட்ட. நிரூபிக்க முடியலைன்னா, அம்மா, மேசைக்கு வேற ஆளைப் பாத்துக்கறோம். தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

தப்பாக எடுத்துக்கொள்ளாமல் அதை வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

நான் இரண்டாம் மாடியில் இருக்கிறேன். அவர்கள் வீட்டுச் சத்தம் தரை வழியாக வரும். ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்கில்லை. காது இருக்கிறது, அவ்வளவுதான்.

"எங்கயோ கணக்கு உதைக்குது" என்றான் அவன். "பின்பாதியில ஒரு தடவை நீ திருப்பாம விட்டிருக்க."

"நான் விடல."

"மனுஷன்னா ஒரு தடவை மறக்கறதுதான்."

"நான் மறக்கல. நீங்க எத்தனை தடவை கட்டைவிரல் தூக்கினீங்கன்னு எண்ணிச் சொல்லுங்க, பார்ப்போம்."

"நான் எண்ணல."

"ஏன் எண்ணல? முன்னெல்லாம் மணிக்கட்டுல ரப்பர் பேண்டு போட்டு, இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாத்தி மாத்தி எண்ணுவீங்களே?"

"அது கல்யாணத்துக்கு முன்னாடி. நீ மேசைக்கு வந்தப்புறம் கழட்டிட்டேன். நீ இருக்கியேன்னுதான்."

பிறகு ஒரு தட்டு ஓசையாக வைக்கப்பட்டது. அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்ற வீட்டின் கஷ்டம் எனக்குத்தான் வந்தது. மறுநாள் காலையில் படியிறங்கினால் அவள் கதவருகே நிற்கிறாள்.

"பெரியப்பா, அவர்கிட்ட கேஸ் சிலிண்டர் தீரப்போகுதுன்னு சொல்லுங்க."

"அவன் உள்ளதானே இருக்கான்?"

"இருக்காரு. அதான் சொல்லச் சொல்றேன்."

உள்ளே எட்டிப் பார்த்து, "டேய், கேஸ் தீரப்போகுதாம்" என்றேன்.

"நேத்தே சொல்லி வச்சாச்சுன்னு சொல்லுங்க பெரியப்பா" என்றான், கரண்ட் பார்க்கிற டெஸ்டரைத் துடைத்துக்கொண்டே.

"சொல்லி வச்சாச்சாம்."

"கேட்டுச்சு" என்றாள்.

கேட்டதென்றால் நான் எதற்கு? தபால்பெட்டிக்குக் கூட மழைக்கு ஒரு மூடி உண்டு.

ஒட்டகத்துக்கு நிலைமை இன்னும் மோசம். அக்கா அவனை வீட்டுக்கே வரக்கூடாது என்றுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை முடிகிறவரைக்கும் தம்பி வாசல் மிதித்தால், உட்கார்ந்து திட்டம் போடுகிறார்கள் என்று ஊர் சொல்லும் என்பது அவள் கணக்கு. அவன் என் அறையில் வந்து உட்கார்ந்து நான் வைத்த கஞ்சியைப் பார்த்தான்.

"பெரியப்பா, இதுல உப்பு இல்ல."

"எனக்கு டாக்டர் உப்பு வேண்டாம்னுட்டாரு."

"எனக்குச் சொல்லலையே!"

"நீ ஜெயிச்ச பந்தாலதான்டா இவ்வளவும். பேசாம குடி."

"நான் எறிஞ்சேன், விழுந்துச்சு. விழாம போயிருந்தா இந்நேரம் கீழ உக்காந்து முட்டை தின்னுக்கிட்டிருப்பேன்" என்று பெருமூச்சு விட்டான். அப்படி ஒரு வெற்றிவீரனை நான் பார்த்ததில்லை.

புதன்கிழமை அவள் மொட்டைமாடிக்கு ஈரத்துணி காயப்போட வந்தாள். மழை விட்டிருந்தது. கொடியில் சட்டையை உதறி உதறிப் போட்டாள்.

"உண்மையைச் சொல்லு. தம்பிக்காகத் திருப்பினியா?" என்று கேட்டேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

அவள் கோபப்படவில்லை. "நீங்க ஒருத்தராவது முகத்துக்கு நேரா கேட்டீங்களே" என்றாள். "இல்ல பெரியப்பா. அங்க ஜன்னல்ல தினமும் நூறு பேர் நிக்கிறாங்க. என் முறையை மாத்திட்ட, உனக்குத் தெரிஞ்சவனை முன்னாடி விட்டுட்டன்னு யாராவது ஒருத்தன் திட்டாத நாள் கிடையாது. ஒரு நாளும் மாத்தினதில்ல. எங்க அம்மாவுக்கு ஜுரம் வந்தப்பக்கூட நாப்பத்தேழாவது டோக்கன்தான் குடுத்தேன். இந்த மேசையிலேர்ந்து என்னை எழுப்பிட்டாங்கன்னா நாளைக்கு அந்த நூறு பேரும் சொல்லுவாங்க, பாத்தியா, அங்கயும் திருடித்தான் இருக்காள்னு. அப்புறம் நான் எந்த மூஞ்சியோட எண்ணைக் கூப்பிடறது?"

"புருஷன் என்ன சொல்றான்?"

"அவரு ஏதோ மறைக்கிறாரு" என்றாள். "மேசைன்னு பேச்செடுத்தா டெஸ்டரைத் துடைக்கிறாரு. ஒரு டெஸ்டரை எவ்வளவு நேரம் துடைப்பாங்க?"

நானும் அதைக் கவனித்திருந்தேன்.

எங்கள் படிக்கட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். ஜன்னல் கிடையாது, பட்டப்பகலிலும் இருட்டு. அங்கே கரண்ட்காரன் ஒரு ட்யூப் லைட் போட்டு, கீழே ஒரு சுவிட்சும் அவன் வீட்டு வாசலில் ஒரு சுவிட்சும் வைத்திருந்தான். டூவே சுவிட்ச். கீழே போட்டுவிட்டு ஏறி, மேலே அணைக்கலாம். எதை அமுக்கினாலும் விளக்கு இருந்த நிலையிலிருந்து மாறிவிடும். எரிந்தால் அணையும், அணைந்திருந்தால் எரியும். நல்ல வசதிதான். ஆனால் அந்த ட்யூப் லைட் உடனே எரியாது. இரண்டு மூன்று தடவை கண்ணடித்துவிட்டுத்தான் எரியும். அதற்குள், இன்னும் யாரும் போடவில்லை என்று நினைத்து மறுமுனையில் இருப்பவர் அமுக்கிவிடுவார். பழையபடி இருட்டு. முதல் வாரத்தில் மட்டும் நான் இரண்டு தடவை முட்டியைப் பெயர்த்துக்கொண்டேன். அப்புறம் அவனே ஒரு வழக்கம் கொண்டுவந்தான். யார் அமுக்கினாலும் "போட்டாச்சு!" என்று சத்தம் போடவேண்டும். கேட்டவர் கையை வைக்கக்கூடாது. கட்டடம் முழுக்க அப்படித்தான் நடந்தது. புதிதாக வருகிறவர்கள் எங்களைப் பைத்தியம் என்று நினைப்பார்கள்.

அந்த ஆறு நாளும் படிக்கட்டில் அந்தச் சத்தம் கேட்கவில்லை. பேசிக்கொள்ளாதவர்கள் எப்படிச் சத்தம் போடுவார்கள்?

சனிக்கிழமை மத்தியானம் மழை கொட்டியது. நான் ஆறு முட்டையும் ஒரு ரொட்டியும் வாங்கிக்கொண்டு, இருட்டிலேயே சுவரைத் தடவி ஏறிக்கொண்டிருந்தேன். எனக்குப் படியெல்லாம் பழக்கம். நடுவழியில் இருக்கும்போது கீழே கரண்ட்காரன் உள்ளே நுழைந்த சத்தம் கேட்டது. குடையை உதறினான். கீழ் சுவிட்ச் 'டக்' என்றது. அதே நேரத்தில் மேலே கதவு திறந்து மேல் சுவிட்சும் 'டக்' என்றது. விளக்கு ஒரு தடவை கண்ணடித்தது. அவ்வளவுதான்.

"யாரு அணைச்சது?" என்றான் கீழேயிருந்து.

"நான் போட்டேன்" என்றாள் மேலேயிருந்து.

"நான்ல போட்டேன்!"

"போட்டா சொல்லணும்ல?"

"நீ சொன்னியா?"

ஆறு நாளைக்கப்புறம் நேருக்கு நேர் பேசிய பேச்சு அது. நான் நடுவில் முட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

"ஒருத்தன் நடுவுல நிக்கிறேன். யாராவது ஒருத்தர் மட்டும் போடுங்கப்பா. ஒருத்தர் மட்டும்."

யாரும் போடவில்லை. இருட்டிலேயே அவள் மெதுவாகக் கேட்டாள்.

"என்னங்க."

"ம்."

"போன ஞாயித்துக்கிழமை இடைவேளையில நீங்க மேசைகிட்ட வந்தீங்களா?"

கீழே குடையை மடக்குகிற சத்தம்.

"வந்தேன்."

"அம்பைத் தொட்டீங்களா?"

நடுப்படியில் நின்று நின்று எனக்கு ஒரு கால் மரத்துப்போனது.

"நீ தண்ணி பிடிக்கப் போயிருந்த" என்றான். "திருப்ப மறந்துட்டுப் போயிட்டன்னு நெனச்சேன். நாலு பேர் பாத்து உன்னை ஒண்ணு சொல்லிடக் கூடாதேன்னு, சட்டுனு திருப்பி வச்சிட்டேன்."

"நான் உங்க விசில் கேட்டதுமே திருப்பிட்டுத்தானே எழுந்தேன்!"

"அப்ப..."

"ரெண்டு தடவை."

"பழையபடி."

"பழையபடி!" என்றாள் அவள். குரல் உடைந்தமாதிரி இருந்தது. அழுகிறாளோ என்று நினைத்தேன். இல்லை, சிரிக்கிறாள். முதலில் மூக்கால், அப்புறம் வாய்விட்டு. "இந்த லைட்டு மாதிரியே!"

"இத ஏன்டா ஆறு நாளா சொல்லல?" என்று நான் இருட்டைப் பார்த்துக் கேட்டேன்.

"ரெஃப்ரி மேசையைத் தொடக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்றவன் நான், பெரியப்பா. அதுவும் மச்சான் ஆடுற ஆட்டத்துல தொட்டேன்னா யாரு நம்புவான்? திருப்பினது சரிதானே, அதைச் சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டேன். தப்பு பின்பாதியிலதான்னு நெனச்சேன்."

"ஆறு வருஷத்துல நான் ஒரு நாளாவது மறந்திருக்கேனா?" என்றாள்.

"இல்ல."

"அப்புறம் அன்னிக்கு மட்டும் எப்படி மறந்திருப்பேன்னு தோணுச்சு?"

"தோணிருச்சு. மன்னிச்சுக்கோ."

நான் ஒருவனைச் சந்தேகப்பட்டால் அவனை நேராகத் திட்டுவேன், விஷயம் அங்கேயே வெளியே வந்துவிடும். இவன் சந்தேகப்பட்டு உதவி செய்திருக்கிறான். அதுதான் வம்பு.

"போட்டாச்சு!" என்று மேலேயிருந்து சத்தம் வந்தது. லைட் மூன்று தடவை கண்ணடித்து எரிந்தது. பார்த்தால் நான் நெஞ்சோடு அணைத்ததில் இரண்டு முட்டை உடைந்து சட்டையெல்லாம் மஞ்சள். அவள் சிரித்துக்கொண்டே பையை வாங்கி, வெங்காயம் அரிந்து போட்டு, மிச்ச முட்டையெல்லாம் அடித்து ஒரே ஆம்லெட்டாகச் சட்டி நிறையப் போட்டாள். என் முட்டை. ஒட்டகம் எங்கிருந்தோ மோப்பம் பிடித்து வந்து வாசலில் நின்றான்.

"அக்கா, உள்ள வரலாமா? இல்ல இன்னும் நான் குற்றவாளியா?"

"வா. வந்து தின்னு. நாளைக்கு உன் கோப்பை போகப்போகுது."

"போனா போகட்டும்" என்று உட்கார்ந்தான். "உப்பு போட்டிருக்கல்ல?"

ஞாயிறு காலையில் பேக்கரியின் பின்னறையில் கமிட்டி கூடியது. ஒரு பக்கம் மாவு மூட்டை, ஒரு பக்கம் அடுப்புச் சூடு. பன் வேகிற வாசனையில் யாருக்கும் கோபம் நிலைத்து நிற்காது என்றுதான் அவர் அங்கே கூட்டினாரோ என்னவோ. கரண்ட்காரன் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னான். இடைவேளையில் தான் அம்பைத் தொட்டது, அவள் ஏற்கெனவே திருப்பியிருந்தது, இரண்டும். முகம் சுவர் மாதிரி வெளிறிப்போயிருந்தது.

கண்டக்டர் கைதட்டினான். "கதை நல்லா இருக்கு. புருஷனும் பொண்டாட்டியும் ஒரு வாரம் உக்காந்து யோசிச்சீங்களா?"

"நாங்க ஒரு வாரம் பேசவே இல்ல" என்றாள் டோக்கன்.

"அது நெசம். நான்தான் நடுவுல தூது போனேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கண்டக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

அவள் பேக்கரிக்காரரைப் பார்த்து, "அந்தக் காகிதத்தை எடுங்க" என்றாள். "ஒவ்வொரு தடவை அம்புப்படி பந்து குடுக்கறப்பவும் யாருக்குக் குடுத்தோம்னு நான் ஓரத்துல எழுதுவேன். நீங்க எல்லாரும் கடைசிக் குவார்ட்டரை மட்டும்தானே பாத்தீங்க? முதல்லேர்ந்து படிங்க."

அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டினார். "முன்பக்கம். சிவப்பு... நீலம். முன்பக்கம் முடிஞ்சுது."

"இடைவேளை வரைக்கும் முன்பக்கம். இப்ப பின்பக்கம் திருப்புங்க. முதல்ல என்ன இருக்கு?"

அவர் திருப்பினார். மறுபடியும் முன்பக்கம் பார்த்தார். மறுபடியும் திருப்பினார்.

"நீலம்" என்றார். "அப்புறம் சிவப்பு. அப்புறம் நீலம்."

"மாறி மாறித்தானே வரணும்? முன்பக்கம் முடியறதும் நீலம், பின்பக்கம் தொடங்கறதும் நீலம். எல்லா இடத்துலயும் சரியா மாறுது, இந்த மடிப்புல மட்டும் மாறல. ரெண்டு பக்கத்தையும் சேத்து நானும் பாக்கல. பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். அந்தத் தப்பு என்னோடது."

கண்டக்டர் காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தான். "அப்ப மூணாவது குவார்ட்டர் தொடங்கறப்பவே எங்க பந்து அவங்களுக்குப் போச்சா?"

"போச்சு."

"நான் அங்கதானே நின்னேன்? பாத்துக்கிட்டா நின்னேன்?"

"நீங்க நின்னீங்க, நான் உக்காந்திருந்தேன், அவரு விசில் ஊதினாரு. மூணு பேரும்தான்."

பேக்கரிக்காரர் தாடையைச் சொறிந்தார். "தம்பிக்குக் குடுக்கணும்னு நெனச்சவ கடைசி நிமிஷத்துல குடுப்பா. ஆட்டம் பாதியில, யாருக்கும் லாபமில்லாத இடத்துல எதுக்குக் குடுக்கப்போறா?"

கண்டக்டர் என் பக்கம் திரும்பினான். "பெருசு, நீ யாரையும் நம்பாத ஆளாச்சே. நீ இவங்களை நம்புறியா?"

"நான் நம்பலடா" என்றேன். "எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். கூட்டிப் பாத்தேன். நீலம். திருப்பினா நீலம். அதுக்கு மேல எனக்கு யாரையும் நம்பவேண்டிய அவசியம் இல்ல."

பன் தட்டு அடுப்பிலிருந்து வெளியே வந்தது. கண்டக்டர் ஒன்றை எடுத்துப் பிய்த்து வாயில் போட்டு, சூடு தாங்காமல் ஊதினான்.

"சரி. அந்த நாப்பது விநாடியைத் திரும்ப ஆடணும். எங்க பந்து. ஐம்பத்தொன்னு, ஐம்பது. இன்னிக்கே."

"மேசைக்கு வேற ஆளு..." என்று ஆரம்பித்தார் பேக்கரிக்காரர்.

"எதுக்கு வேற ஆளு?" என்று கண்டக்டர் கத்தினான். "எழுதி வச்சிருக்குதே அந்தம்மா, தனக்கு எதிரா! இந்த ஊர்ல எவன் எழுதுவான்? அவங்கதான் உக்காரணும். ஆனா ஒண்ணு. அம்பைத் திருப்பறப்போ சத்தம் போட்டுச் சொல்லணும். ரெஃப்ரியும் திருப்பிச் சொல்லணும். பஸ்ஸுல நான் ரைட்டுன்னு குரல் குடுக்காம டிரைவர் எடுப்பானா?"

கரண்ட்காரனும் டோக்கனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அந்தப் பழக்கம் எங்க வீட்டுல இருக்கு" என்றாள் அவள்.

சாயங்காலம் நாற்பது விநாடி ஆட்டம் பார்க்க முழு ஆட்டத்துக்கு வராத கூட்டம் வந்தது. சுண்டுவிரல் அளவுக்கு இடமில்லை. நான் காலையிலிருந்தே தண்ணீரைத் தள்ளித் தரையைக் காயவைத்திருந்தேன். டோக்கன் புதிதாகத் தேய்த்த சேலையில் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். அம்பைச் சிவப்பின் பக்கம் வைத்து, கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

விசில். சிவப்பு கோட்டுக்கு வெளியேயிருந்து பந்தை எறிந்தது. கண்டக்டர் உள்ளே வாங்கினான்.

"திருப்பியாச்சு!" என்றாள் டோக்கன். ஆஸ்பத்திரி ஜன்னலில் எண் கூப்பிடுகிற குரல்.

"திருப்பியாச்சு!" என்று கரண்ட்காரன் ஓடிக்கொண்டே கையைத் தூக்கினான். கூட்டம் முழுக்க "திருப்பியாச்சு!" என்று கூவிச் சிரித்தது.

சிவப்பு பந்தைச் சுற்றிச் சுற்றி அனுப்பி, கடைசியில் எறிந்தது. வளையத்தில் பட்டு வெளியே வந்தது. ஒட்டகம் எட்டிப் பிடித்தான். இறங்குவதற்குள் கண்டக்டர் வந்து பந்தைக் கட்டிக்கொண்டான். இரண்டு பேரும் உருண்டார்கள். கட்டைவிரல்கள் மேலே போயின. ஐந்து விநாடி பாக்கி.

மைதானமே மேசையைப் பார்த்தது. அம்பு நீலம். மறுபடியும் தம்பி பக்கம். அவள் அம்பை மறைக்கவும் இல்லை, முகத்தை மாற்றவும் இல்லை. வரிசையில் அடுத்த எண் யாருடையதோ அதைச் சொல்கிற மாதிரி, "நீலம்" என்றாள்.

கண்டக்டர் எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொண்டு, பந்தை எடுத்து, தானே ஒட்டகத்தின் ஆள் கையில் கொடுத்தான். "முறைன்னா முறை" என்றான்.

நீலத்துக்காரன் எறிந்தான். ஒட்டகம் வாங்கினான், திரும்பினான், குதித்தான். பந்து விரலை விட்டுப் போகிற அதே நேரத்தில்,

"திருப்பியாச்சு!"

பந்து வளையத்தைத் தொடாமல் பலகைக்கு மேலே போய், மதிலைத் தாண்டி, தெருவில் விழுந்தது. ஆட்டம் முடிந்தது. சிவப்பு ஜெயித்தது.

"அக்கா!" என்று ஒட்டகம் தலையில் கைவைத்துக்கொண்டு கத்தினான். "நீ கத்தினதுல கை உதறிடுச்சு!"

"உள்ள கை பட்டதும் சொல்லணும்னு பேச்சு. சொன்னேன்."

"ஒரு விநாடி கழிச்சுச் சொன்னா என்ன?"

"அப்ப தம்பிக்காக அக்கா நேரம் தள்ளினாள்னு சொல்லுவாங்கடா!"

கண்டக்டர் தரையில் உட்கார்ந்து சிரித்தான். கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகும்போது மேசைப் பக்கம் வந்து, "அம்மா, நாளைக்கு முட்டிவலிக்கு ஆஸ்பத்திரி வரணும். சீக்கிரமா ஒரு டோக்கன்..." என்று இழுத்தான்.

"ஏழு மணிக்கு வந்து வரிசையில நில்லுங்க" என்றாள்.

நான் மைதானத்தைக் கூட்டிப் பூட்டிவிட்டு வர, அவர்கள் மூன்று பேரும் முன்னால் போய்விட்டார்கள். மேலே சட்டியில் வெங்காயம் வதங்குகிற சத்தம். ஒட்டகம் இன்னும் புலம்பிக்கொண்டிருந்தான். கரண்ட்காரன் ஏதோ சொல்ல, அவள் சிரித்தாள். நான் கீழே நின்று சுவிட்சை அமுக்கினேன்.

"போட்டாச்சு!"

"கேட்டாச்சு பெரியப்பா! ஏறி வாங்க!" என்று மூன்று குரலும் ஒன்றாக வந்தன.

லைட் ஒரு தடவை கண்ணடித்தது. இரண்டு தடவை கண்ணடித்தது. நான் நம்பவில்லை. எரிந்தது. ஏறினேன்.